கிளேயர் நாட்டில் ஒரு குழல் வாங்கினோம்

அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கரையிலே கிளேயர் என்றொரு மாவட்டம் உண்டு. அம்மாவட்டத்திலே, அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி, மில்டவுன் மல்பே என்னும் சிற்றூர் இருக்கின்றது. ஒரு பிரதான வீதி, அதன் இருமருங்கும் வர்ணம் பூசிய கடைகள், ஒரு தேவாலயம், ஊரின் அளவுக்கு மிஞ்சிய மதுச்சாலைகள், இவ்வளவே ஊர். சாதாரண நாளில் அவ்வழியே செல்லும் ஒருவர் அங்கு வண்டியை நிறுத்தவேண்டுமென்று எண்ணமாட்டார். ஆனால் யூலை மாதத்தின் முதற் சனிக்கிழமை தொடங்கி ஒரு வாரத்துக்கு அங்கே வண்டி நிறுத்த இடமே கிடையாது. நல்லூர்த் தேர்த் திருவிழாவன்று பருத்தித்துறை வீதியில் நின்றறிந்த வாசகர்கள் அந்நெருக்கடியை மனக்கண்ணிற் காணலாம். இங்கே வருகின்றவர்களில் இருவருக்கொருவர் கையில் வாத்தியப் பெட்டி இருக்கும் என்பதே வித்தியாசம்.

2024ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவ்வூருக்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. எமது தமக்கையார் லிமெரிக் நகரிலே தாதியாகக் கடமையாற்றுகின்றார். பல வருடங்களாக அழைத்தும் நாம் போகாதிருந்தோம். கல்லூரி விடுமுறை, கடவுச்சீட்டு, விசா, பணம் ஆகிய நான்கும் ஒருங்கே கூடிவருவது எம்போன்ற ஆசிரியர்க்கு அரிது. கூடிவந்த அந்த ஆண்டிலே, "தம்பி, உனக்குக் குழல் எண்டால் உயிரல்லோ, இஞ்சை ஒரு இடம் இருக்கு, அத்தானைக் கொண்டு காட்டுவிக்கிறன்" என்று அக்கா சொன்னார்.

லிமெரிக்கிலிருந்து எனிஸ் நகர் வழியாக அத்தான் காரைச் செலுத்தினார். எனிஸிலிருந்து மில்டவுன் மல்பேக்கு ஒரு காலத்தில் ஒடுங்கிய பாதைப் புகையிரதம் ஓடியது. 1887ஆம் ஆண்டு தொடங்கி 1961ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட அந்தப் புகையிரதம் தாமதத்துக்குப் பேர்போனது. 1896ஆம் ஆண்டு பேர்சி பிரெஞ்ச் என்னும் பாடகர் அதிலேறி, பிந்திச் சென்றமையாற் கச்சேரி நட்டமடைந்து, வழக்காடிப் பத்துப் பவுண் நட்டஈடு பெற்றார். அதன்மேலும் ஆறாது, அதனைக் கேலிசெய்து ஒரு பாட்டும் கட்டினார். புகையிரதம் போய்விட்டது; பாட்டு இருக்கின்றது. இருபத்துநான்கு ஆண்டுகள் யாழ்தேவியின் முகம் காணாதிருந்த எமக்கு, பிந்தியேனும் வருகின்ற புகையிரதத்தின்மீது வழக்குப் போடுவானேன் என்று தோன்றியது.

அந்த ஒரு வாரக் கூட்டத்துக்குக் காரணராயிருப்பவர் வில்லி கிளான்சி என்னும் அவ்வூர்க் கலைஞர். 1918ஆம் ஆண்டு பிறந்தவர், தொழிலால் தச்சர். துருத்தியை முழங்கையால் அமுக்கி வாசிக்கும் 'இல்லன் பைப்' என்ற அயர்லாந்து வாத்தியத்தில் மகா நிபுணர். குழலும் விசிலும் வாசிப்பார். 1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் காலமானார். அதே ஆண்டிலேயே அவருடைய அன்பர்கள் அவர் பெயராற் கோடைகாலப் பள்ளியொன்றைத் தொடங்கினார்கள். காலையிலே பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் வகுப்புகள், பின்னேரம் சொற்பொழிவு, இரவிலே எங்கும் வாசிப்பு. பிரதான வீதியில் கிளான்சியின் சிலையும் நிற்கின்றது. ஒரு தச்சருக்கு ஊர் எடுத்த இவ்விழாவைப் பார்த்தபோது, எமது நாட்டிலே நாகஸ்வர மேதைகள் எத்தனை பேர் பெயரும் மறக்கப்பட்டுப் போனார்கள் என்ற ஏக்கம் எழாமலில்லை. அது நிற்க.

வீதியோரத்தில் மேசை போட்டு வாத்தியங்கள் பரப்பியிருந்தார்கள். கொன்சேட்டீனா, பிடில், ஆட்டுத்தோற் பறை, மரக்குழல் எல்லாம் இருந்தன. சிறு தகர விசில்கள் ஒரு குவளையிற் பென்சில்களைப்போல் நின்றன. இவ்விசிலின் கதையும் சுவையானதே. இங்கிலாந்தின் சபொக் மாவட்டத்திலே ரொபேர்ட் கிளாக் என்னும் ஏழைத் தொழிலாளி 1843ஆம் ஆண்டு தகரத்தை வளைத்து அதனைச் செய்து விற்கத் தொடங்கினார். மலிவான விலை, ஆறே துளை, ஊதினாற் போதும், ஒலிக்கும். ஆகவே அது அயர்லாந்துக் குடிசைகளிலெல்லாம் புகுந்தது. இன்றும் அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முதன்முதற் கையிலெடுக்கும் வாத்தியம் பெரும்பாலும் அதுவே.

எமது கண் அவற்றின் மேலே தங்கவில்லை. மேசையின் மூலையிலே, தண்ணீர்க் குழாயில் வெட்டியெடுத்த துண்டுபோல, நீண்டு தடித்த அலுமினியக் குழல் ஒன்று கிடந்தது. ஏறத்தாழ 58 சென்ரிமீற்றர் நீளம். விரலளவு அகன்ற ஆறு துளைகள். வாயில் வைக்கும் முனை விசிலைப்போலச் சீவப்பட்டிருந்தது. பார்வைக்கு எவ்வித அழகும் இல்லை. "இது என்ன?" என்று கேட்டோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எழுபது வயதைக் கடந்த முதியவர். அவர் வாயாற் பதில் கூறாமல், அதனை எடுத்துக் கக்கத்தில் இரண்டு நிமிடம் வைத்திருந்து, பின்பு வாசித்தார்.

அந்த ஒலியை எவ்வாறு கூறுவது? விசிலின் கீச்சுக்குரல் அதில் இல்லை. மரக்குழலின் உறுதியும் இல்லை. நாதத்தோடு கூடவே மூச்சும் கேட்டது. காற்றோட்டமான பனந்தோப்பிலே நின்று தூரத்திற் குழல் கேட்பது போலிருந்தது. தாளமின்றி, இழைத்து இழைத்து, ஒரு நீண்ட இராகம் வாசித்தார். 'சுலோ எயார்' என்பார்கள். அவர்களுடைய பழைய வாய்ப்பாட்டு முறையைப் பின்பற்றி வாசிப்பது. எமது ஆலாபனைக்கு அண்ணன் தம்பி முறையென்று சொல்லலாம். வாசித்து முடித்ததும், "இதுதான் லோ விசில்" என்றார்.

பௌதிகம் கற்பிக்கும் எமக்கு நீளத்தைக் கண்டதும் கணக்குத் தோன்றியது. இருமுனையும் திறந்த குழாயொன்றின் அடிநாதத்தின் அலைநீளம் குழாயின் நீளத்தைப்போல் இருமடங்கு. சிறு விசில் 29 சென்ரிமீற்றர் அளவானது. அதனை இருமடங்காக்கினால் நாதம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கவேண்டும். லோ விசிலின் அடிநாதம் செக்கனுக்கு 294 அதிர்வு, அதாவது எமது வித்துவான்கள் இரண்டு கட்டை என்று சொல்லும் சுருதி. இதனைச் சொன்னபோது முதியவர் சிரித்து, "கணக்கு அவ்வளவுதான், ஆனால் அந்தக் கணக்கைப் போடுவதற்கு ஒரு மூங்கில் உடையவேண்டியிருந்தது" என்றார். பின்பு கதையைச் சொன்னார்.

பின்பார் பியூரி என்பவர் அயர்லாந்தின் கீர்த்திபெற்ற இல்லன் பைப் வித்துவான். தம் சகோதரர்களோடு கூடிப் பாடியும் பேர்பெற்றவர். அவரிடம் இந்திய மூங்கிற் குழல் ஒன்று இருந்தது, உயிர்போலப் போற்றிவந்தார். பிரயாணமொன்றிலே அது உடைந்து பாழாயிற்று. இங்கிலாந்திலிருந்த பேர்னாட் ஓவட்டன் என்னும் நண்பரிடம் அவர் முறையிட்டார். ஓவட்டன் ஜாஸ் இசைக்கலைஞர். வாத்தியம் செய்வதிலும் கைவந்தவர். மூங்கிலைப் போலவே இன்னொன்று செய்ய இயலவில்லை. இருவருமாக உலோகத்திற் பல மாதிரிகளைச் செய்து பார்த்தார்கள். 1971ஆம் ஆண்டு ஒக்டோபரிலே முதலாவது குழல் உருவாயிற்று. பின்பு பியூரி சகோதரர்கள் கேட்டுக்கொண்டபடி மேலும் கீழ்ச்சுருதியிற் செய்தார். ஈற்றில், இன்று எங்கும் வழங்கும் இந்த இரண்டு கட்டைக் குழலும் வந்தது. 1995ஆம் ஆண்டு டப்ளினில் அரங்கேறிய 'றிவர்டான்ஸ்' என்ற நாட்டிய நிகழ்ச்சியிலே டேவி ஸ்பிலேன் இதனை வாசித்தபின் உலகம் முழுவதும் இதன் குரலை அறிந்துகொண்டது. நூற்றாண்டுகள் பழமையானது என்று பலரும் எண்ணும் இக்குழலுக்கு, உண்மையில் எம்மைவிடப் பத்து வயதுகூட அதிகமில்லை.

அந்த முதியவர் சாதாரணமாகச் சொன்ன கதை எமது நெஞ்சில் வேறொரு கதவைத் தட்டிற்று. விலையைக் கேட்டோம். 245 யூரோ என்றார். எமது ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூடிய தொகை. கையில் எடுத்து விரல்களை வைத்துப் பார்த்தோம். கீழ்த்துளைக்கு மோதிரவிரல் எட்டவில்லை. நன்றி கூறித் திரும்பி வைத்துவிட்டோம். அக்கா ஒன்றும் பேசாமல் எம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை அத்தான் எம்மை ஸ்பானிஷ் பொயின்ட் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். 1588ஆம் ஆண்டு இங்கிலாந்தின்மேற் படையெடுத்துத் தோற்று, அயர்லாந்தைச் சுற்றிக்கொண்டு ஊர்திரும்பிய ஸ்பானியக் கப்பல்கள் சில அப்பகுதியிலே புயலிற் சிக்கி உடைந்தன. கரையேறியவர்களும் உயிர் தப்பவில்லை. ஊரின் பெயர் அதனால் வந்தது. இரவு ஒன்பதரை மணிக்கும் வெயில் இருந்தது. அந்நாட்டிலே யூலையிற் சூரியன் பத்து மணிக்கே மறைகின்றான். காற்று மாத்திரம் எங்கள் மார்கழிக் காற்றைவிடக் குளிராக வீசிற்று. அத்தான் காருக்குட் படுத்துவிட்டார். நாமும் அக்காவும் கல்லணையிலே அமர்ந்தோம்.

"காசை யோசிச்சே வைச்சிட்டு வந்தனீ?" என்று அக்கா கேட்டார்.

காசு மாத்திரமல்ல என்று சொன்னோம். சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. இருபத்தெட்டு வருடங்களாக எவர்க்கும் சொல்லாத விடயம் அது.

எமது தகப்பனார் தபாலதிபராயிருந்தவர். மாலையிலே குளித்து, விபூதி தரித்து, தேவாரம் பாடியபின் அரைமணி நேரம் குழல் வாசிப்பார். வித்துவான் அல்லர். மோகனமும் அரிகாம்போதியும் வாசிப்பார். அவற்றுக்கப்பால் அவருக்கு ஆசையுமில்லை. தஞ்சாவூரிலே வாங்கிய மூங்கிற் குழல் அது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்ததை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தகப்பனார் குழலைப் பழைய வேட்டித் துண்டிற் சுற்றிச் சைக்கிளின் நடுச்சட்டத்திற் கட்டி, சைக்கிளை எம்மிடம் தந்தார். எமக்கு அப்போது பதினைந்து வயது. நாவற்குழிப் பாலத்துக்கு அண்மையில் மழையிலும் சனநெருக்கத்திலும் சைக்கிள் சரிந்து விழுந்தது. அதன்மேல் நாமும் விழுந்தோம். இருட்டிலே தடவிப் பார்த்தபோது குழல் நீளவாட்டிற் பிளந்திருந்தது. அதனை அவிழ்த்து நீரேரியில் எறிந்தோம். சாவகச்சேரியிலே தகப்பனார் கேட்டபோது, "முடிச்சு அவிண்டு எங்கையோ விழுந்திட்டுது" என்று சொன்னோம். "ஆக்கள் தப்பினது காணும்" என்றார் அவர். பின்பு வேறு குழல் வாங்கவுமில்லை, வாசிக்கவுமில்லை. 2011ஆம் ஆண்டு காலமானார்.

இவ்வளவையும் அக்கா கடலைப் பார்த்தபடி கேட்டார். நெடுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்:

"அது முதலே வெடிச்சிருந்தது."

எமக்கு விளங்கவில்லை.

"அந்த வருசம் தைப்பொங்கலுக்கு வீடு கழுவேக்கை, தட்டிலை இருந்து நான் விழுத்திப் போட்டன். வாயடியிலை ஒரு வெடிப்பு. மெழுகு வைச்சு அடைச்சு, மேலை நூலைச் சுத்திப்போட்டு இருந்த இடத்திலை வைச்சிட்டன். அப்பா வாசிக்கேக்கை 'இதென்ன, சுருதி நழுவுது' எண்டுவார். நான் குசினிக்குள்ளை ஒளிஞ்சு நிப்பன். நீ எறியாட்டிலும் அது பிளந்துதானிருக்கும், தம்பி."

அக்காவும் அவ்வளவு காலமாக அதை எவர்க்கும் சொல்லவில்லை. நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத நிலை. முதலிற் சிரித்தவர் அக்காதான். அத்தான் விழித்துக் காரின் கண்ணாடியை இறக்கி, "என்ன, ரெண்டு பேருக்கும் விசரே?" என்று கேட்டார்.

மறுநாட் காலை மீண்டும் அந்த மேசைக்குப் போனோம். குழல் விற்றுப்போயிருக்குமோ என்ற அச்சம் வழிநெடுக இருந்தது. இருந்தது. பணம் கொடுப்பதில் அக்காவுக்கும் எமக்கும் சிறு வாக்குவாதம் நிகழ்ந்தது. முழுவதும் தானே தருவேன் என்றார் அக்கா, நாம் மறுத்தோம், ஈற்றில் பாதிக்குப் பாதி என்று தீர்ந்தது. எமது பாதி ஊருக்கு வாங்கவிருந்த சாமான்களின் கணக்கிலிருந்து கழிந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகின்றோம். வீட்டுக்காரிக்கு அதனை விளக்குவது வேறு பிரச்சினை.

முதியவர் இன்னொரு தொகுதியையும் எம்முன் வைத்தார். இன்று இக்குழலைப் பலர் செய்கின்றனர். ஓவட்டனின் முறையைக் கற்று ஜேர்மனியிலிருந்து செய்து வருகின்ற கொலின் கோல்டியும் அவர்களுள் ஒருவர். சில குழல்கள் ஒரே துண்டு. சில இரண்டாகப் பிரிவன. அவற்றின் தலையைச் சற்று வெளியே இழுத்தாற் சுருதி இறங்கும், உட்தள்ளினால் ஏறும். சுவர் தடித்ததும் உண்டு, மெல்லியதும் உண்டு. சிலவற்றுக்கு அதிக மூச்சு வேண்டும். சில இலேசாகப் பேசும். எமக்கு வாய்த்தது இரண்டாகப் பிரியும் அலுமினியக் குழல். நாம் வெப்பநாட்டுக்குக் கொண்டுபோவதை அறிந்து அவரே அதனைத் தெரிந்து தந்தார். அதன் காரணம் பின்னர் விளங்கிற்று.

விரல் எட்டவில்லை என்ற குறையையும் அவர் தீர்த்துவைத்தார். எமது குழலில் விரல் நுனியாலே துளையை மூடுவது வழக்கம். லோ விசிலில் அவ்வாறு செய்யப் போனால் அரக்கனுக்கே கை வலிக்கும். இல்லன் பைப் வாசிப்போரைப்போல விரல்களை மடிக்காமல் நேரே நீட்டி, நுனியை விட்டு, நடுக்கணுவின் சதையாலே துளையை மூடவேண்டும். மணிக்கட்டையும் தாழ்த்தவேண்டும். முதலில் விரல்கள் குச்சிகளைப்போல நிற்கும், துளையின் ஓரத்தாற் காற்று ஒழுகும், குழல் கிறீச்சிடும். மூன்றாம் நாள் எப்படியோ பொருந்துகின்றது. எவ்விதம் பொருந்திற்று என்று கேட்டால் எம்மாற் சொல்ல முடியாது.

லிமெரிக்கில் அக்காவின் வீட்டு மாடியறையிலே பத்து நாட்கள் அப்பியாசம் செய்தோம். எமது புல்லாங்குழலிலே நாதத்தை உதடு உண்டாக்கவேண்டும், அதற்கே வருடக்கணக்காகும். இங்கே வாய்முனையில் உள்ள அடைப்பும் ஒடுங்கிய காற்றுவழியும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. இலேசாக ஊதினாற் கீழ் ஸ்தாயி. சற்று அழுத்தினால் மேல் ஸ்தாயி. ஆகவே இது சுலபம் என்று எண்ணிவிடலாகாது. கீழ்ச்சுரங்களுக்கு மூச்சை ஆறவிட்டு, அகலமாக ஊதவேண்டும். கொஞ்சம் பதறினாலும் சுரம் மேலே பாய்ந்துவிடும். பதற்றமுள்ளவன் பொய்சொல்ல முடியாத வாத்தியம் இது.

எம்மை மிகவும் மகிழ்வித்த கண்டுபிடிப்பு வேறு. ஆறு துளையும் மூடி ஊதும் சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டு ஒவ்வொரு விரலாக எடுத்தாற் சங்கராபரணம் வருகின்றது. ஆனால் எமது விரல்கள் அப்படிப் பழகியவை அல்ல. எமது குழலில் மேலிரண்டு துளையை மூடுவதே ஷட்ஜம். அப்படியே இங்கும் மூடி, அதனை ஷட்ஜமாக வைத்து ஏறி இறங்கினோம். அச்சொட்டாக அரிகாம்போதி! தகப்பனார் எமக்குச் சிறுவயதிற் பழக்கிய விரல் வைப்பு முறை, அயர்லாந்தின் உலோகக் குழலிலே ஒரு விரல்கூட மாறாமல் இருந்தது. அடியிலிருந்து இரண்டாவது சுரத்தை ஷட்ஜமாக எடுத்தாற் கரகரப்பிரியா. அயர்லாந்து மெட்டுகளிற் பெரும்பாலானவை இவற்றுள் அடங்கிவிடுகின்றன. ஸ்வரம் இரண்டு குறைந்து மோகனச் சாயலில் வருவனவும் பல. ஆறு எட்டில் ஓடும் 'ஜிக்' மெட்டைத் தகிட தகிட என்றும், 'றீல்' என்பதைத் தகதிமி தகதிமி என்றும் கையாற் போட்டால் அக்காவின் மகள் வயிறு குலுங்கச் சிரிப்பாள். அவர்கள் சுரத்தை விரலாற் சுண்டியும் தட்டியும் அழகு செய்கின்றார்கள். எமது கமகத்தைப்போல அசைத்துப் பிடிப்பது அவர்களிடம் குறைவு. ஆயினும் நீட்டிய விரலைத் துளையிலிருந்து மெல்ல உருட்டி எடுத்தாற் சுரம் வழுக்கி ஏறும். அதனை அவர்களும் செய்கின்றனர். அந்த வழுக்கலிலே கமகத்தின் வாசனை எமக்குக் கிடைத்தது.

குறையொன்றும் உண்டு, மறைக்கலாகாது. குளிரான உலோகத்திலே சூடான மூச்சுப் படும்போது ஒடுங்கிய காற்றுவழியில் நீர் திரண்டு அடைத்துக்கொள்ளும். அடைத்தாற் குரல் கம்மி, நின்றேவிடும். அந்த முதியவர் கக்கத்தில் வைத்துச் சூடாக்கியதன் காரணம் அதுவே. இதனை அறிந்திருந்தும் நாம் ஒருநாட் பலர் நடுவே வெட்கப்பட நேர்ந்தது.

ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு எனிஸ் நகரிலே ஒரு மதுச்சாலையில் நடைபெற்ற 'செஷன்' என்னும் கூடிவாசிப்பைக் கேட்கப் போனோம். மதுச்சாலையுட் புகுவதற்கு ஆரம்பத்திலே கூச்சமாயிருந்தது. அங்கே பாட்டிமாரும் பிள்ளைகளும் தேநீர் அருந்திக்கொண்டிருந்ததைக் கண்டபின் கூச்சம் அகன்றது. மேடையில்லை, ஒலிபெருக்கியில்லை, தலைவருமில்லை. ஒரு மேசையைச் சூழ எண்மர் இருந்தனர். ஒருவர் தொடங்க, மெட்டை அறிந்த மற்றவர் சேர்ந்துகொள்கின்றனர். அறியாதவர் சும்மா இருக்கின்றனர். ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்தபின் நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவுகின்றனர். யாவரும் ஒரே சுரத்தையே வாசிப்பதால் எமது பஜனைக் கோஷ்டியை நினைப்பூட்டிற்று. அறியாத மெட்டில் நுழைந்து உழக்கக் கூடாதென்பது அவ்விடத்து நாகரிகம். அந்நாகரிகம் எமது சில சபைகளுக்கும் வந்தால் நலம்.

பையிலிருந்து குழலின் முனை வெளியே தெரிந்தது. கொன்சேட்டீனா வாசித்த மூதாட்டி அதனைக் கண்டு, "உங்கள் நாட்டு இசை ஏதும் வாசியுங்கள்" என்றார். மறுத்தோம், விடவில்லை. அக்காவும் முழங்கையால் இடித்தார். சூடாக்க மறந்து, மோகனத்தைப் பிடித்தோம். ஷட்ஜம் நன்றாக வந்தது. காந்தாரம் வந்தது. பஞ்சமத்திலே நின்று மேலே போக எத்தனிக்கையிற் குழல் கம்மி, புஸ் என்று ஓய்ந்துவிட்டது. காதெல்லாம் சூடேறிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை. மூதாட்டி தம் உதட்டைக் குவித்து உள்ளே உறிஞ்சிக் காட்டினார். அவ்வாறே வாய்முனையில் வேகமாக உறிஞ்சினோம், நீர் விலகியது. மீண்டும் ஷட்ஜத்திலிருந்து தொடங்கினோம்.

ஐந்து நிமிடம் வாசித்திருப்போம். தகப்பனார் வாசித்தவற்றையே வாசித்தோம். வேறொன்றும் எமக்குத் தெரியாது. முடியுந் தறுவாயிலே பிடில்காரர் ஒருவர் ஷட்ஜத்தை மெல்ல இழுத்துச் சுருதி போட்டார். அது அவராகவே செய்தது. முடிந்ததும் மூதாட்டி, "இது எங்கள் மேற்குப் பகுதி மெட்டுப்போல் இருக்கின்றதே" என்று சொல்லி, அதே ஐந்து சுரங்களிலே அமைந்த தங்கள் மெட்டொன்றை வாசித்துக் காட்டினார். திரும்பிப் பார்த்தோம். அக்காவின் முன்னே தேநீர் ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. கோப்பையை அவர் தொடவேயில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலே சுங்க உத்தியோகத்தர் குழலை வெளியே எடுத்து, இரு முனையாலும் உள்ளே பார்த்து, "இது எந்த இயந்திரத்தின் பாகம்?" என்று கேட்டார். ஊதிக் காட்டும்படியாயிற்று. வரிசையில் நின்றவர்கள் கைதட்டவில்லை. விரைவாகப் போகும்படி முணுமுணுத்தனர்.

யாழ்ப்பாணம் வந்து முதல்நாள் மாலையிலேயே தலைவாசலில் அமர்ந்து, கைத்தொலைபேசியில் இரண்டு கட்டைச் சுருதியை வைத்து ஊதினோம். குழல் சுருதியை மீறி மேலே நின்றது. முதியவர் இரண்டாகப் பிரியும் குழலைத் தெரிந்து தந்த காரணம் அப்போதுதான் விளங்கிற்று. காற்றுச் சூடாக இருந்தால் ஒலியின் வேகம் கூடும். வேகம் கூடினாற் சுருதியும் ஏறும். லிமெரிக்கின் பதினைந்து பாகைக் குளிரிற் சேர்த்து வைத்த குழல், எங்கள் முப்பத்திரண்டு பாகை வெப்பத்தில் அப்படியே இருக்குமா? வகுப்பிலே இதே சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிவரும் எமக்கு, அது உறைக்க ஒரு மாலைப்பொழுது வேண்டியிருந்தது. தலையை நெல்மணியளவு வெளியே இழுத்தோம். பின்பு இன்னும் கொஞ்சம். சுருதி சேர்ந்தது. இங்கே ஒரு நன்மையும் உண்டு. உலோகம் குளிராதபடியால் நீரடைப்பு அரிதாகவே வருகின்றது.

மறு ஞாயிற்றுக்கிழமை அக்கா தொலைபேசியில் அழைத்தபோது, குழலைப் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். "சுருதி நழுவுது" என்றார் அக்கா. நழுவவில்லை என்று நாம் சாதித்தோம்.